பென்கா அத்தையின் பழைய டிஸ்க்

கணினி மெதுவாகிவிட்டால் பெரும்பாலானவர்கள் அதைத் திட்டுவார்கள். பென்கா அத்தை திட்டியதில்லை. காலையில் மடிக்கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு அடுப்பில் காபி வைப்பார். காபி பொங்கி, ஆறி, குடித்து முடித்த பிறகுதான் திரை வரும். அது அவருக்குப் பழகிவிட்டது. மாற்றலாம் என்று சொன்னது நான்தான். இதை வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவர் கேட்கவில்லை.

ரூசே நகரில் எங்கள் குடியிருப்பின் நான்காம் மாடியில் எங்கள் இருவர் கதவும் எதிரெதிரே. எனக்கு முப்பத்தொரு வயது. இயற்பியல் படித்தேன். நேர்காணல்களில் பேச்சு வராததால் வீட்டிலேயே கணினி பழுது பார்க்கிறேன். என்னிடம் தினமும் பேசிய ஒரே ஆள் அத்தை. அவருக்குக் காது மந்தம். என் குரலோ வெளியே வராது. இருவருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

அவருடைய ஒரே மகன் பிளாமென் ஸ்பெயினில் லாரி ஓட்டுகிறான். அவன் என்று சொல்வதை மன்னியுங்கள், பழகிவிட்டது. தொலைபேசியில் அம்மாவுக்குக் கேட்காது என்பதால் வாரம் இரண்டு முறை மின்னஞ்சல் எழுதுவான்.

"இதுக்குள்ள என் பையன் இருக்கான், பொண்ணே. கீழ போட்டுடாத" என்று சொல்லி, கணினியைச் சமையலறைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார்.

"ஒண்ணும் ஆகாது அத்தை. இருக்கிறது அப்படியே புது டிஸ்க்குக்குப் போயிடும்."

"என்னது?"

"ஒண்ணும் ஆகாது."

"ஆபரேஷனுக்கு முன்னால என் புருஷன்கிட்டயும் இதத்தான் சொன்னாங்க."

வேலை எளிதானது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்த இயங்குதளம், கோப்புகள், படங்கள் எல்லாவற்றையும் எஸ்எஸ்டி என்னும் வேகமான புது டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினேன். பதினைந்து நொடியில் திரை வந்தது.

"இனிமே நான் எப்ப காபி குடிக்கிறது?" என்றார் அத்தை.

பழைய டிஸ்க்கை ஒரு மாதம் அழிக்காமல் வைத்திருப்பது எங்கள் தொழிலில் வழக்கம். புதியது கைவிட்டால் உதவும். ஒரு மதியம், அது நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, என்னிடம் இருந்த அதே மாடல் கணினியில் பொருத்தினேன். ஓடியது. மின்னஞ்சல் கடவுச்சொல்கூடக் கேட்கவில்லை. யார் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? அதற்கு நான் பென்கா அத்தை.

அத்தை இன்னும் திறக்காத கடிதம் ஒன்று மேலே இருந்தது. 'அம்மா, வீட்ட வித்துடலாம். மே மாசம் வந்து உன்னக் கூட்டிட்டுப் போறேன். இங்க உனக்குன்னு ஒரு ரூம் ரெடியா இருக்கு.'

ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் எதுவும் குறையாது. மனிதர்கள் அப்படியில்லை. எழுபத்தாறு வயதில், மொழி தெரியாத ஊரில் அவர் குறைந்துபோவார் என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மகனின் கடிதங்கள் அவர் கண்ணில் படாமல் தனியே ஒதுங்கும்படி அமைத்தேன். மகனுடையதைப் போலவே, ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியை உருவாக்கினேன். கணினியைச் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லி, மகனுடையதற்குப் பதிலாக அதை அவருடைய முகவரிப் பட்டியலில் வைத்தேன். பத்து நிமிட வேலை. அதன்பின் அத்தை மகனுக்கு எழுதியது எனக்கு வந்தது. பழைய டிஸ்க்கிலிருந்து நான் எழுதியது மகனுக்குப் போனது.

அத்தை எழுதியதைப் பெரும்பாலும் அப்படியே அனுப்பினேன். வெள்ளரிக்காய் ஊறுகாய், பழுதான லிஃப்ட், கீழ்வீட்டு நாய். ஒரு வரிதான் மாறும். 'நான் எங்கயும் வரலடா' என்று அவனுக்கு. மகனுடையதைக் கொஞ்சம் நீட்டி, 'இந்த வருஷம் லீவு இல்லம்மா' என்று அவருக்கு. அவன் வருகிறேன் என்றபோதெல்லாம் வேண்டாம் என்று எழுதினேன். ஒருமுறை கோபித்துக்கொண்டான். அது உதவியாக இருந்தது.

இப்படி இரண்டு வருடம். இரண்டு பேராக இருப்பது எவ்வளவு களைப்பு என்று சொன்னால் உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை. ஆனால் அத்தை காபி மேசையில் என் கடிதங்களை எனக்கே படித்துக் காட்டுவார்.

"பாரு பொண்ணே, என் பையனுக்கு இப்பத்தான் எழுதவே வருது. முன்னெல்லாம் தந்தி மாதிரி ரெண்டு வார்த்தை எழுதுவான்."

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன ஜனவரியில் இதயத்தில் அறுவை சிகிச்சை வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் மருத்துவர். அன்று அத்தை எழுதினார்: 'பிளாமென், பயமா இருக்குடா. வேற ஒண்ணும் வேணாம். வந்து கதவத் தட்டு.'

மூன்று முறை படித்தேன். அவன் வந்து மேசைக்கு எதிரே உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும். அதனால் அவனுக்கு, இங்கே நல்ல பனி என்று எழுதினேன். அவருக்கு, ஈஸ்டருக்கு வருகிறேன் என்று.

மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப்போனேன்.

"ஈஸ்டருக்கு அப்புறம் வெச்சுக்கலாம் டாக்டர். என் பையன் வர்றான். அவன் கையப் பிடிச்சிட்டுத்தான் உள்ள போவேன்."

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் அத்தையின் கோட்டை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டேன்.

மார்ச் இரண்டாம் தேதி இறந்தார். மார்ச் பிறந்தால் உடல்நலம் வேண்டி எங்கள் ஊரில் கட்டும் சிவப்பு வெள்ளை நூல், முந்தைய நாள் நான் கட்டிவிட்டது, மணிக்கட்டில் இருந்தது.

மகனுக்குச் சொல்லிவிட்டேன் என்று குடியிருப்பின் பொறுப்பாளர் ஸ்லாவ்சோவிடம் சொன்னேன்.

"புதைக்கக்கூட வரலையா? என்னத்தப் பெத்தா அவ" என்றார் அவர்.

வாசலில் படமில்லாமல் ஒரு மரண அறிவிப்பு ஒட்டினார். மழை இரண்டே நாளில் அதைக் கரைத்துவிட்டது.

அதன்பிறகும் வாரம் இரண்டு முறை அவனுக்கு அம்மாவாக எழுதினேன். நிறுத்தினால் அத்தை இல்லை என்றாகிவிடும்.

நாற்பதாம் நாள் வந்தது. நாற்பதுக்கு இறந்தவரின் படத்தோடு வாசலில் நினைவுத் தாள் ஒட்டாமல் விடுவதை எங்கள் ஊரில் யாரும் நினைத்தும் பார்க்க மாட்டார்கள். நானும் நினைக்கவில்லை. கோதுமையை வேகவைத்துச் சர்க்கரை தூவி எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன். பழைய டிஸ்க்கில் இருந்து அவர் சிரிக்கும் படத்தை எடுத்து அச்சடித்து, வாசல் கதவில் நான்கு மூலையிலும் ஒட்டினேன். பிளாமெனோடு படித்த ஒருவர் அந்த வழியாகப் போகும்போது அதைப் படமெடுத்து ஆறுதல் சொல்லி அவனுக்கு அனுப்பியிருக்கிறார். அன்று காலைதான் சந்தைக்கு ஸ்ட்ராபெர்ரி வந்துவிட்டது என்று அம்மா அவனுக்கு எழுதியிருந்தார்.

மறுநாள் வந்தான். முதலில் எதிர்க்கதவைத் தட்டினான். நெடுநேரம் தட்டினான். பிறகு என் கதவை. அம்மாவின் கணினியைப் பார்ப்பது நான்தான் என்று அவனுக்குத் தெரியும்.

"எங்கம்மா கடைசியா எனக்கு என்ன எழுதினாங்க?"

ஜனவரிக் கடிதத்தைத் திறந்து காட்டினேன். நின்றபடியே படித்தான். வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தான். உங்களைக் கூப்பிட்டது ஸ்லாவ்சோ.

இரண்டு டிஸ்க்குகளையும் கொடுத்துவிட்டேன், ஐயா. உங்கள் ஆட்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அத்தை எழுதியதில் ஒரு சொல்கூடத் தொலையவில்லை. அவர் என்னை நம்பித்தான் கொடுத்தார். எதுவும் இழக்கக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.