ஒப்பாரிக்குப் பாஸ் போடும் காலேஜ்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பதுளையில் மூன்று கடை வைத்தவன் நான். படிப்பைப் பெரிதாக மதித்ததில்லை. போன மாதம் கொஸ்லந்த போகும் பஸ்ஸில், முன் இருக்கையில் இருந்த, தோட்டத்து ஆட்களை வேலை வாங்கிய கிழக் கங்காணி, பக்கத்தில் இருந்த தேயிலை பறிக்கும் கொழுந்துக்காரியிடம் சிரித்தார்.

"ஒப்பாரி எழுதிட்டுப் போனா பாஸ் போடுற காலேஜா? நல்லாருக்கு புள்ள!"

"சிரிங்க கங்காணி ஐயா. பாட்டும் சரித்திரமும் முக்கியம், சனங்ககிட்டப் போய்ப் படிங்கன்னு கொழும்புக் காலேஜுல இப்ப மறுபடி சொல்றாங்களாம். அங்க படிக்கிற ஒரு தம்பி எங்க லயத்து வீட்டுக்கு வந்து, அம்மா செத்தப்ப நான் பாடினத எழுதிக்கிச்சு. அப்புறம் கொஸ்லந்த லயத்துல அத வாசிச்சிருக்கு. ஒருத்தி எந்திரிச்சு, 'அது எங்க அம்மா பேரு, எங்க ஊரு கெணறு'ன்னு கத்தினாளாம்."

"யாரு அது?"

"எங்க அக்கா. சின்னதுல இந்தியாவுல இருந்து வந்து கப்பல விட்டு எறங்குனப்ப, வேற தோட்டத்துக் கங்காணி அவளக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அம்மாவுக்குக் கட்டி அழ ஆளில்லாம ஒத்தையாத்தான் பாடினேன். அந்தத் தம்பியும் காலேஜும் நல்லா இருக்கணும்."



கொஸ்லந்தவில் நரைத்த பெண்ணொருத்தி இரு கைகளையும் நீட்டியபடி நின்றாள். கொழுந்துக்காரி இறங்கி அவளிடம் ஓடினாள்; இருவரும் கட்டிக்கொண்டு அம்மாவுக்காக அழுது பாடினார்கள். டிரைவர் ஹார்ன் அடித்தார்.

"பொறுப்பா, பாடி முடிக்கட்டும்" என்றார் கங்காணி.