பனிமலைகளின் செல்லப்பிள்ளைக்கு

கடலடி ஆய்வுப் பிரிவிலிருந்து பணி ஓய்வு பெறும் மெரின் டாஸ்கர் அவர்களுக்கு

தென்துருவத் தண்ணீரில் தயங்காது தலைமுங்கியவரே! கடற்பஞ்சுக்கும் கடற்சிலந்திக்கும் கண்கண்ட காவலரே! பனிமலைகளின் செல்லப்பிள்ளையே! வணக்கம். வயிற்றெரிச்சலோடு வணக்கம்!

விரிகுடாவின் அடித்தரையில் ஆளுக்கொரு சதுரம் அடையாளமிட்டு, கோடைதோறும் மூழ்கி, அங்கே வாழ்வன எவை, மாண்டன எவை என்று பார்த்துவருகிறோம். மிதந்துவரும் பனிமலை தரைதட்டி உழுதுவிட்டால் பஞ்சும் புழுவும் நட்சத்திர மீனும் நசுங்கிப்போகும். பிறகு அந்த வெறுந்தரையில் முதலில் குடியேறுவது யார் என்பதில்தான் நம் ஆராய்ச்சியே இருக்கிறது. அந்தப் பாக்கியம் தங்கள் சதுரத்துக்கே வாய்த்துக்கொண்டிருந்தது! உழவுக்கொரு கட்டுரை, கட்டுரைக்கொரு விருது. பக்கத்துச் சதுரத்துக்காரனும் இம்மடலை எழுதுபவனுமாகிய ஆல்டன் நான், பணிக்காலம் முழுக்க ஒரே கிழட்டுப் பஞ்சின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறக்க முடியுமா அந்த ஒரு கோடையை? பனிமலை நேராக என் சதுரத்தை நோக்கி வந்தது. படகில் நின்று கைதட்டினேன். காற்று திரும்பியது, மலையும் திரும்பியது, தங்கள் பக்கம்.

"அதுக்கு என்ன மருந்து வெச்சு மயக்குனீங்க, மெரின்?"

"அது ஆளைப் பாத்துத்தான் வருது, ஆல்டன். நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா எது வரும்?" என்றீர்கள். படகே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓய்வு நெருங்கியதும், வெட்கத்தை விட்டுத் தங்கள் சதுரத்தைக் கேட்டேன். "எடுத்துக்கப்பா, உன் பொருமல் தாங்கல" என்று அள்ளித் தந்த வள்ளலே! விடைபெறுவோர் பெயரை ஒரு சதுரத்துக்குச் சூட்டுவது நம் வழக்கம். காலியான என் பழைய சதுரத்துக்குத் தங்கள் பெயரைச் சூட்டி, சென்ற வாரம் பெயர்ப்பலகையையும் கடலடியில் இறக்கி நட்டார்கள்.

இன்று காலை தென்துருவ ஆய்வு நிலையத்திலிருந்து செய்தி வந்தது. பலகையைக் காணோம். கிழட்டுப் பஞ்சையும் காணோம். பனிமலை ஒன்று அங்கே படுத்துப் புரண்டுவிட்டுப் போயிருக்கிறது. என் புதுச் சதுரத்தில் ஒரு சிப்பிகூட இடம் மாறவில்லையாம்!

நோயின்றி வாழ்க! நூறாண்டு வாழ்க! போன இடமெல்லாம் புகழ் பொங்க வாழ்க! வாழ்த்தோடு ஒரு விண்ணப்பம்: சதுரத்தைத் திரும்ப மாற்றிக்கொள்ளலாமா?

தங்கள் பெருமையில் பூரிக்கும்
கடலடிப் பிரிவினர், ஹோபார்ட்
(பூரிப்பில் ஆல்டனைச் சேர்க்க வேண்டாம்)