மிஷின் போட்ட தாளம்

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். அம்பத்தூரில் ரயிலேறிய இரண்டு பட்டறைப் பையன்கள் என் எதிரில் உட்கார்ந்தார்கள்.

"சத்தமே இல்லாத ரெகார்டிங் ரூம்ல எப்டி மச்சான் ராப் பாடறது? பட்டறைல தகடு வெட்ற பிரஸ் மிஷின் அடிச்சாதான் எனக்கு வார்த்த வருது."

"அதுக்கோசரம் சினிமா சான்ஸ உட்டுட்டியா?"

"நாளிக்கு இன்னொருதபா வரச் சொல்லிகீறாங்கோ. அதான் கடைசி."

"மிஷின தூக்கிகினா போவ முடியும்? அந்த சத்தத்த போன்ல புடிச்சாந்துகீறேன், காதுல மாட்டு."

பாடுகிறவன் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான்.

"எங்கப்பன் வெரல தின்ன மிஷினு, எம் பாட்டுக்கு இன்னிக்கு தாளம் போடுது!"

மிஷின் சத்தம் அவனுக்கு மட்டும்தான் கேட்டது. எங்களுக்கு வார்த்தைகள் மூச்சு விடாமல் வந்து விழுந்தன. நான் இறங்க வேண்டிய அன்னனூர் தாண்டிப்போனதே தெரியவில்லை.

பேத்தி, நான் சொன்னதை அப்படியே எழுதினாயா? அந்தப் பாட்டை எனக்கு இன்னொரு முறை படித்துக் காட்டு.