எருமைத்தோல் போர்வை

அடுப்புப் பக்கத்து நாற்காலி என்னுடையது. நீங்கள் ஜன்னலோரம் உட்காருங்கள். எனக்குக் குளிர் ஆகாது. செனட்டர் ஹைரம் பிராட்டின், அதாவது என்னுடைய, வரலாற்றை எழுத உங்களை அனுப்பியிருக்கிறார்கள், நல்லது. இருபத்திரண்டு வருஷம் அந்தப் பதவியில் இருந்தவனைப் பற்றிக் கண்டவனும் எழுதிக் கிழித்தாயிற்று. டோபின் விஷயத்தைக் கேட்கத்தானே வந்ததிலிருந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறீர்கள்? எழுதிக்கொள்ளுங்கள்.

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தெட்டாம் வருஷம், ஜனவரி. செனட்டரைத் தேர்ந்தெடுப்பது மாநிலச் சட்டமன்றம்தான், இன்றைக்கும் அப்படித்தான். உறுப்பினரின் பெயரைக் கூப்பிட்டதும் அவர் எல்லோர் முன்னாலும் தன் ஆளின் பெயரை வாயால் சொல்ல வேண்டும். எனக்கு நாற்பத்தொன்பது ஓட்டு, என்னை எதிர்த்து நின்ற கில்பினுக்கும் நாற்பத்தொன்பது. ஒன்பது நாளாக இதே கூத்து. ஓட்டுப் போடாமல் மிச்சமிருந்த ஒரே உறுப்பினர் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் எனோக் டோபின். அவன் நிமோனியாவில் ஆறு மைல் தள்ளி வீட்டில் கிடந்தான். என் ஆள் ஒருவன் மறுநாள் கில்பின் பக்கம் தாவப்போகிறான் என்று துப்பு வந்தது. அன்றைக்கே முடித்தாக வேண்டும்.

பனிச்சறுக்கு வண்டியோடு போனேன். டோபினின் மனைவி டார்க்கஸ் வாசலை மறித்தாள்.

"காய்ச்சல் இப்பத்தான் இறங்குது. வெளிக்காத்து பட்டா பொழைக்க மாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிருக்காரு. விட்ருங்க அண்ணே."

"ஒரு வார்த்தை சொல்ற வேலைம்மா. பத்திரமா கொண்டாந்து விட்ருவேன்."

"உங்க நாற்காலிக்கு ஒரு கால் குறையுதுன்னா என் புருஷனை வெட்டிச் செருகுவீங்களா?"

நறுக்கென்று கேட்டாள். அந்தச் சாமர்த்தியத்தை நான் ரசித்தேன். நாலு பேர் அவளை ஒதுக்கிவிட்டு அவனைக் கட்டிலோடு தூக்கி வண்டியில் வைத்தார்கள்.

இருந்தது ஒரே ஒரு எருமைத்தோல் போர்வை. முதல் மூன்று மைல் அது அவன் மேல்தான் கிடந்தது. அதை ஒரு பயலும் சொல்வதில்லை. ஆற்றங்கரைக்கு வந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. ஜெயித்த பிறகு நான் முக்கால் மணி நேரம் பேச வேண்டும், தொண்டை கட்டிவிட்டால்? அவன் சொல்ல வேண்டியது ஒரே ஒரு பெயர். அவனுக்கு வீட்டுக் கம்பளி ஒன்று இருக்கத்தானே செய்தது. தோலை உருவி என் கழுத்தைச் சுற்றிக்கொண்டேன்.

"அதையும் எடுத்துக்கிட்டியா ஹைரம்?" என்றான்.

"நீ படுத்துத்தானே கிடக்க. காத்து உனக்கு மேலதான் போகும்," என்றேன்.

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. நல்ல வேளை, குரலை மிச்சம் பிடிக்கிறான் என்று நினைத்தேன்.

கட்டிலை அவை நடுவில் இறக்கினார்கள். எழுத்தர் அவன் பெயரை வாசித்தார். உதடு அசைந்தது. அவன் வாயருகே காதை வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

"என்ன சொல்றாரு?" என்று எழுத்தர் கேட்டார்.

"ஹைரம் பிராட்," என்றேன்.

கில்பின் ஆட்கள் எகிறிக் குதித்தார்கள். அவைத்தலைவர் நம்ம ஆள். சுத்தியலைத் தட்டி முடித்துவிட்டார். என் பேச்சு அன்றைக்கு அருமையாக அமைந்தது.

மூன்றாம் நாள் டோபின் செத்தான். கல்லறையில் ஒரு மணி நேரம் பேசி எல்லோரையும் அழவைத்தேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் டார்க்கஸுக்குப் பன்றித் தொடை ஒன்று அனுப்புவேன். "அவரு வீட்டு நாய்க்கே போடச் சொல்லு, அதுவாவது நன்றியோட திங்கட்டும்," என்று திருப்பி அனுப்பிவிடுவாள். நன்றி கெட்டவள். இந்த மாநிலத்துக்கு ரயில் வந்ததும், படைவீரர்களின் விதவைகளுக்கு உதவித்தொகை வந்ததும் யாரால்?

என்ன, பேனாவை நிறுத்திவிட்டீர்கள்? அவன் நிஜமாக என்ன சொன்னான் என்றா? "கில்பின்" என்றான். நிறுத்தி, தெளிவாக, என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். காய்ச்சல் உளறல், வேறென்ன. முப்பது வருஷப் பழக்கம், அவன் மனசு எனக்குத் தெரியாதா? உடம்பு மட்டும் சுகமாக இருந்திருந்தால் என் பெயரைத்தான் சொல்லியிருப்பான்.