மணிலாவுக்குள் வந்த கப்பல்

என் மகள் டாக்டருக்குப் படிக்கிற ஊரை அமெரிக்கா பிடித்துவிட்டது என்று முழுதாகப் பத்து நிமிடம் நம்பினேன். பேரிகை போகும் பஸ்ஸில், முன் சீட்டில் கம்பெனி யூனிஃபார்மோடு இருந்த இரண்டு பெண்கள்தான் காரணம்.

"மணிலாவுல அமெரிக்காக்காரன் கப்பலோட பூந்துட்டான்டி. விடியக்காலையிலயே சுட ஆரம்பிச்சிட்டான்."

மகளுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. பாஸ்போர்ட்கூட இல்லாத நான் அவளை மீட்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்ததில் என் ஸ்டாப் பின்னால் போய்விட்டது.

"எதுக்குடி புடிச்சான்?"

"அவன் நாட்டுல ஃபேக்டரிங்க பெருகிப்போச்சு, சரக்கு தேங்குது. விக்க எடம் வேணும்ல."

"அதுக்குன்னு ஒரு நாட்டையேவா?"

"நம்ம சேல்ஸ் மேனேஜர்கிட்ட கப்பல் இல்ல. அதான் சும்மா இருக்காரு."

"சரி, வருசத்தச் சொல்லு. பரீட்சையில அதத்தான் கேப்பாங்க."

"ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தெட்டு."

போன மூச்சு திரும்பி வந்தது. கூடவே மகளின் மெசேஜும் வந்தது. அந்தக் கப்பல் மணிலாவுக்குள் நுழைந்தபோது என் தாத்தாவே பிறந்திருக்கவில்லை. மகள் அனாடமி வகுப்பில் இருந்தாள், அதனால் போனை எடுக்கவில்லை.