ஷார்ட்கட்ட மாத்தினது யாரு

கதவ சாத்திட்டு வாங்க தம்பி. பேசுறது ஹாலுக்குக் கேக்கும். இல்ல, வைரஸ் எல்லாம் இல்ல. போன்லயே சொன்னேனே, யாரோ என் கம்ப்யூட்டர்ல கை வெக்கிறாங்கன்னு. யாருன்னும் தெரியும். ஆதாரம்தான் வேணும்.

நான் ஸ்கூல் புக் எழுதுறவ. அறிவியல். இந்தக் குறிப்பு எழுதுற சாஃப்ட்வேர்லதான் மொத்த வேலையும். தலைப்பு, அதுக்குக் கீழ சின்னத் தலைப்பு, அதுக்கும் கீழ ஒவ்வொரு வரியா. ஒரு வரிய மேல தூக்கணும்னா கன்ட்ரோல், ஷிஃப்ட், மேல் அம்புக்குறி. உள்ள தள்ளணும்னா ஆல்ட்டோட வலது அம்புக்குறி. ஒன்பது வருஷமா இப்படித்தான். கீபோர்டப் பாக்கவே மாட்டேன்.

போன மாசம் ஒரு நாள் அடிக்கிறேன், வரி அசையவே இல்ல. செட்டிங்ஸ்ல போய்ப் பாத்தா, மேல தூக்குறதுக்கு ஆல்ட்டும் டபிள்யூவும்னு இருக்கு. நான் வெக்கல. சரி, கை தவறி ஏதோ ஆயிடுச்சுன்னு விட்டுட்டேன். அடுத்த வாரம் உள்ள தள்ளுறது ஆல்ட்டும் டியும். அப்புறம் தலைப்ப மடக்குறது. ஒண்ணொண்ணா தம்பி. மொத்தமா மாத்தினா மாட்டிக்குவோம்னு தெரிஞ்ச ஆளு.

வீட்டுல மூணே பேர். நான், என் வீட்டுக்காரர், அவரோட அக்கா. அவருக்கு போன்ல ஒரு மெசேஜ் அனுப்பவே பக்கத்துல ஆள் நிக்கணும். ஆமா, நாத்தனார்தான். ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் முன்னாடி வந்தாங்க. இது அவங்க அம்மா இருந்த ரூம். தனக்குத்தான்னு பெட்டியோட வந்து நின்னாங்க, நான் மேஜையப் போட்டு உக்காந்திருந்தேன். அன்னையிலருந்து பேச்சு கிடையாது. குழம்புல உப்பு கம்மின்னாகூட அவர் வழியாத்தான் எனக்கு வரும்.

முப்பது வருஷம் ஆபீஸ்ல டைப்பிங் வேலை பாத்தவங்க. எந்த கீ எங்க இருக்குன்னு என்னைவிட நல்லாத் தெரியும். காலைல நான் நடக்கப் போற அரை மணி நேரம் போதாதா? என்னைத் தடுமாற வெச்சு, வேலைய விட வெச்சு, ரூம வாங்கிடலாம்னு திட்டம்.

மாத்தின நேரமெல்லாம் கிடைச்சிடுச்சா? எல்லாமே ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவுல. சொன்னேனா இல்லையா.

என்னது, மாத்தினது மொத்தம் பதினாலா? நான் ஏழெட்டுதான்னு நெனச்சேன். வரிசையா படிங்க. ஆல்ட் க்யூ. ம். ஆல்ட் ஏ. ம். கன்ட்ரோல் ஈ. அம்புக்குறி ஒண்ணுகூட இல்லையா? டெலீட்டும் இந்தப் பக்கம் வந்துடுச்சா? ஆமா, எல்லாத்தையும் இடது கையாலயே அடிச்சிடலாம். அத ஏன் மறைக்கணும், பழகினதுக்கு அப்புறம் வேகமாத்தான் போகுது. போன பாடம் ரெண்டு நாள் முன்னாடியே முடிஞ்சுது. அதுலயும் ஏதோ சூது இருக்குன்னுதான் பாத்தேன்.

இருங்க. கொஞ்சம் இருங்க.

ஒண்ணும் இல்ல தம்பி. தண்ணி எல்லாம் வேணாம்.

பழையபடி மாத்தவா? வேணாம். இருக்கிறபடியே இருக்கட்டும். அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் யோசிக்கிறேன். சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் அவங்க கட்டில். நான் அடிக்கிற சத்தத்துலயே பிடிச்சிருப்பாங்களோ என்னமோ. ஏன்னா, எங்க வீட்டுக்காரர்கிட்டகூட நான் மூச்சு விடல. இந்த வலது கையில மூணு விரல் எட்டு மாசமா மரத்துக் கெடக்கு. நரம்பாம். இனிமே இவ்வளவுதான்னு டாக்டர் சொல்லிட்டார்.

போறப்ப ஹால்ல உக்காந்திருப்பாங்க. எதுவும் கேக்க மாட்டாங்க. கேட்டா, ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லிடுங்க.