சத்தம் வராத ரூம்

குடும்மா, கையில குடு. ஊர்ப் புள்ளைங்களையெல்லாம் பார்த்துக்கறவ நான், உன் புள்ளைய மட்டும் கடிச்சா தின்னுடப் போறேன்? ம், நல்லா கனமாத்தான் இருக்கான். தாய்ப்பாலா? தெரியுது. முதல் நாள் எல்லாருமே இப்படித்தான் வாசல்ல நின்னு கண்ணைக் கசக்குவாங்க. நீ வெள்ளைச் சட்டை தைக்கத்தானே சேர்ந்திருக்க? அட்டையைக் கழுத்துல மாட்டிக்க, அது இல்லாம உள்ள விடமாட்டாங்க. இவனைத் தொட்டில்ல போட்டுட்டு வந்துடறேன்.

என்ன கேட்ட, அழுவானான்னா? இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் உங்க மிஷினெல்லாம். அவ்வளவு இரைச்சல்லயும் பெத்தவளுக்குத் தன் புள்ள அழுகை மட்டும் கேட்டுடும், அதென்ன காதோ. கேட்டா கை ஓடாது. ஒருத்தி கை நின்னா அந்த வரிசையே நிக்கும். முன்ன ஒருத்தி, இங்க புள்ள கத்துது, அங்க அவளுக்குப் பால் கசிஞ்சு தச்ச சட்டையெல்லாம் கறை. மேனேஜர் அவளை ஒண்ணும் சொல்லல. என்னைக் கூப்பிட்டுத்தான் கேட்டாரு, ஆயாம்மா, உன்னை எதுக்கு வச்சிருக்கோம்னு. எனக்கும் வயிறு இருக்கில்ல?

அதுலேர்ந்து இந்த ரூம்ல சத்தமே கிடையாது. இத்தனை புள்ளைங்க படுத்திருக்கு, ஒரு முனகல் வருதா பாரு.

கேட்டுல போட்டோ மாட்டியிருக்காங்களே, சிறந்த தொழிலாளின்னு, அவ புள்ளதான் அதோ மூலையில. கைக்குழந்தை இல்லம்மா, நாலு வயசாவுது. இன்னும் உக்காரல, அம்மான்னு கூப்பிடல. என்ன வியாதின்னு டாக்டருக்கே புரியலையாம். ஆனா தங்கமான புள்ள, தொந்தரவே கிடையாது. வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கறேன்னு அவளை மேடையேத்திக் கேட்டாங்க. எல்லாம் ஆயாம்மா புண்ணியம்னா பாரு, எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.

இதுவா? இருமல் மருந்து. இருமல் யாருக்கும் இல்ல. குடிச்சா அடுத்த பெல் வரைக்கும் அசையாதுங்க. டாக்டரெல்லாம் எதுக்கு, எனக்குக் கைப்பழக்கம்.

எங்க ஓடற? தூங்குற புள்ளைய உலுக்காத. நீ அட்டையை மாட்டிக்கிட்டு இருந்தப்பவே ஊட்டிட்டேனே. சப்புக் கொட்டிக் குடிச்சான். கூப்பிட்டுத்தான் பாரேன், கண்ணைத் தொறக்க மாட்டான்.

பெல் அடிச்சாச்சு, கிளம்பு. இரு, இந்தத் துணிய வாங்கிக்க. அவன் அழவே இல்லையே, உனக்கு எதுக்கு மாரு நனைஞ்சிருக்கு? துடைச்சுட்டுப் போ, கறை பட்டுடப் போவுது.